ஒன்றுக்கு இருநூறு

வெண்ணாம்பட்டி ரோட்டில்
வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குப் பின்னால்
ஒரு ஏக்கர் பதினேழு சென்ட்.
பதிவேட்டில் அது பூங்கா.
நேரில், பூட்டிய கேட் ஒன்று.
பத்தடி தள்ளி இடிந்த சுவர்.
தர்மபுரியே அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

நாடாவின் ஒரு முனையைத் திம்மராயன் பிடித்தார்,
மறுமுனையை நான்.
எங்கள் இருவரையும் நெருஞ்சி பிடித்தது.

இருபதாண்டுத் திட்டம் கேட்டிருக்கிறார்கள்.
முதல் கட்டம்: சுவர், விளக்கு, கழிப்பறை.
இரண்டாம் கட்டம்: தண்ணீர்.
மூன்றாம் கட்டத்துக்கு நேரே
பின்னர் முடிவு செய்யப்படும் என்று தட்டச்சு செய்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

என் தாளில் இரண்டு மீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர்.
வேம்புக்கு முப்பது மில்லிமீட்டர் வட்டம்.
அது பதினைந்து வயது வேம்பு.
தாளில் நட்ட அன்றைக்கே நிழல் விழுந்துவிடுகிறது,
பச்சைப் பென்சிலைக் கொஞ்சம் சாய்த்துத் தேய்த்தால் போதும்.
தரையில் நடப்போவது விரல் தடிமன் கன்று,
துணைக்கு ஒரு மூங்கில் குச்சி.
ஆடு கடிக்காமலிருக்கக் கம்பிக்கூண்டு வேண்டும்.
எஸ்டிமேட்டில் கூண்டு இல்லை.

கருத்துக்கேட்புக்கு நாற்பது பேருக்கு மிக்சர் வாங்கினோம்,
வந்தது இருபத்து மூன்று.
நடைபாதை வட்டமாக இருக்கட்டும் என்றார்
ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் சென்றாயன்,
சுற்றுக் கணக்கு தப்பாதாம்.
பர்வீன் எழுந்து, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், என்றார்.
எஸ்டிமேட்டில் இருக்கிறதே என்றேன்.
"உள்பக்கம்" என்று சொல்லி உட்கார்ந்தார்.
யாரோ ஒருவர் கலர் லைட்டோடு நீரூற்று கேட்டார்.
ஒகேனக்கல் தண்ணி வீட்டுக்கே மூணு நாளைக்கொருக்கா,
இதுல ஊத்து வேறயா என்று பின்வரிசை சிரித்தது.
சிரித்த பற்களிலெல்லாம்
பழைய போர்த் தண்ணீரின் பழுப்பு.
நீரூற்றைப் பென்சிலால்தான் அடித்தேன்,
பிறகு அழிக்க முடிகிற மாதிரி.

சிக்கல் அந்த ஒற்றையடிப்பாதை.
இடிந்த சுவரில் தொடங்கி
புல்வெளி வரப்போகும் இடத்தைக் குறுக்கே வெட்டி
ரேஷன் கடைப் பக்கம் போய் முடிகிறது.
அறுபத்தொரு மீட்டர்.
யாரும் போட்டதில்லை, எந்தக் கோப்பிலும் இல்லை.
சுவரை எடுத்துக் கட்டினால் பழகிப்பாங்க என்றார் பொறியாளர்.

திங்கள்கிழமை, விடிகாலை ஐந்து நாற்பது.
மட்டம் பார்க்கச் சீக்கிரமே வந்திருந்தேன்.
டிபன் பையோடு ஒரு பெண் சுவரில் இறங்கினாள்,
அவளுக்குப் பின்னால் நாலு பேர்,
கம்பெனி வேனுக்கு.
லைட் இல்லை, செல்போன் வெளிச்சமும் இல்லை.
பாதி வழியில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும்,
நான் இரண்டு முறை இடித்துக்கொண்ட கல்.
பேச்சை நிறுத்தாமலே அந்த இடத்தில்
அவள் கால் ஒரு அங்குலம் உயர்ந்து இறங்கியது.
பின்னால் வந்த எட்டுக் கால்களும் அப்படியே.

அன்று சுவர்க் கோட்டில்
ஒன்றரை மீட்டர் விட்டு வரைந்தேன்.
குறுக்கே பாதை. வேம்பு நாலு மில்லிமீட்டர் நகர்ந்தது.
சென்றாயனின் வட்டம் கொஞ்சம் நசுங்கி
முட்டை மாதிரி ஆனது.

வரைபடம் சிவப்பு மையோடு திரும்பியது:
இந்த இடைவெளி எதற்கு?
ஓரத்தில் எழுதினேன்: ஏற்கனவே உள்ளது.

திட்டம் முடிகிற வருஷம் எனக்கு ஓய்வு.
அதற்குள் ஆறேழு இடமாறுதல் வந்துவிடும்.
இந்த முட்டையை
யாராவது மறுபடி வட்டமாக்குவார்கள்,
அல்லது பார்க்கிங்.

நாடாவைச் சுற்றிக்கொண்டே
ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்ட திம்மராயன்
சொன்னார்:
"மேடம், வீட்ல ஒரு பழைய கோழிக்கூண்டு கெடக்குது.
அடிப்பலகைய எடுத்துட்டா கன்னுக்கு ஆவும்.
கொண்டாந்துடறேன்."

அதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது
என்றுதான் தெரியவில்லை.